முளைக்காட்டித்தான் பாஸ்

சித்த நவுந்து உக்காரு கண்ணு. ஆங், போதும். பையா? மேல வேண்டாம், மடியிலயே வெச்சுக்கறேன். மேல வெச்சா மனசும் மேலயே இருக்கும். உள்ள ஒரு கடுதாசி இருக்குது, கசங்கக் கூடாது.

நீ உக்கடமா? நானும் அங்கதான். பதினோரு மணிக்கு ஒரு ஆபீசுல இருக்கோணும். மணி என்ன ஆச்சு? ஒம்போதே முக்காலா? டீ குடிக்கப் போன டிரைவரு வால்பாறைக்குத் தேயிலை பறிக்கவே போயிட்டாராட்ட இருக்குது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுலயே பொழுது போயிரும் இன்னைக்கு. அட, வந்துட்டாரு. எடுங்க சாமி, எடுங்க.

உன்னையப் பார்த்தா வேலைக்குப் போற புள்ளையாட்டத் தெரியுது. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நீ ஏழு மாசம் பாடுபட்டுச் செஞ்ச வேலையை இன்னொருத்தி ஒரே நாள்ல கெடுத்துப்போட்டா, நீ கம்முனு இருப்பயா? இருக்க மாட்டல்ல? நானும் இருக்க மாட்டேன். அதுக்குத்தான் போறேன். பிலோமின்னு ஒரு அம்மிணி. அவளால எங்க கண்டெய்னர் ஒட்டுக்கா ஆஸ்திரேலியா போயி எரிஞ்சு போச்சு. இருவத்திநாலு டன்னு. ஒவ்வொரு கட்டியிலயும் என்ற பேரு.

என்ன கட்டின்னு கேக்கறயா? தேங்கா மட்டையில நார் உரிக்கறாங்கல்ல, அப்ப தூளு உதிரும் பாரு, அதுதான். எங்க மாமியா காலத்துல அதை ரோட்டோரம் மலையாட்டக் கொட்டி வெச்சிருப்பாங்க, சீந்த ஆளிருக்காது. இப்ப அதைக் கழுவி, காய வெச்சு, மெசின்ல அமுக்கி அஞ்சு கிலோ கட்டியாக்கினா வெளிநாட்டுக்காரன் அதுல தக்காளி வெக்கறான். ஸ்ட்ராபெரி வெக்கறான். மண்ணே வேண்டாமாம். பதினஞ்சு வருசமா நானும் எங்க ஊட்டுக்காரரும் கட்டி போடறோம். அவரு பேரு ஆறுச்சாமி. பேருக்கு மொதலாளி அவரு, களத்துல நிக்கறது நானு.

பதினஞ்சு வருசமும் ஒரு ஏஜெண்டுக்குத்தான் குடுத்தோம். அவன் எங்க கட்டியை வாங்கி, அவன் பேரை ஒட்டி, கப்பலேத்தினான். எங்க கட்டி எந்த ஊருக்குப் போவுதுன்னுகூட எங்களுக்குத் தெரியாது. பொண்ணைக் கட்டிக் குடுத்துப்போட்டு மாப்பிள்ளை ஊரு தெரியாத கதை. அப்பத்தான் ஒரு திட்டம் வந்துச்சு. நம்மளாட்டச் சின்ன யூனிட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பி, வெளிநாட்டுக்காரன் கேக்கற தரத்துக்குச் செய்யச் சொல்லிக் குடுத்து, நேரா அவங்களோடயே யாவாரம் பண்ண வெப்பாங்களாம். அந்தத் திட்டத்துல எங்களுக்குன்னு வந்தவதான் பிலோமி. தூத்துக்குடிக்காரி. முப்பது வயசு இருக்கும். கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. தை மாசம் வந்தா.

ஜன்னலைச் சித்தத் தள்ளி உடு கண்ணு, காத்தே வர மாட்டேங்குது.

வந்த அன்னைக்கே என்ன பண்ணினா தெரியுமா? ஒரு கை தூளை எடுத்து நாக்குல வெச்சுப் பார்த்தா. நான் சிரிச்சுப்போட்டேன். அவளும் சிரிச்சா. "என்னக்கா, எங்க ஊரு உப்பளமே தோத்துரும் போலிருக்கே"ன்னா. அப்பறம் பேனாவாட்ட ஒரு மீட்டரை எடுத்துத் தண்ணியில உட்டுக் காமிச்சா. உப்பு இருந்தா வேர் கருகிருமாம். ஒரு தடவை கழுவினதை மூணு தடவை கழுவச் சொன்னா. தண்ணிக்கு எங்க போறதுன்னு எங்க ஊட்டுக்காரரு சண்டைக்கு நின்னாரு. கடைசியாக் கழுவற தண்ணியை அடுத்த தூளுக்கு மொதத் தண்ணியாத் திருப்பிக்கலாம்னு வாய்க்கால் வெட்டிக் காட்டினா. பொய் சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான்.

அதுக்கப்பறம் வந்துச்சு பாரு வெதை கதை. தூளை ஒரு தட்டத்துல போட்டு, தண்ணி தெளிச்சு, பத்து நாள் வெச்சா. பத்தாம் நாள் பார்த்தா அங்கொண்ணு இங்கொண்ணு ஏழு செடி. கீரை, அருகு, என்னமோ ஒண்ணு. எனக்கு நெம்பச் சந்தோசம். "பார்த்தயா அம்மிணி, எங்க தூளு எப்படி"ன்னேன். அவ தலையில கையை வெச்சு உக்காந்துட்டா. "அக்கா, ஒண்ணு முளைச்சாலும் பெயிலு. முளைக்காட்டித்தான் பாஸ்"ங்கறா. அந்த ஊருக்குள்ள நம்ம ஊரு வெதை ஒண்ணுகூடப் போகக் கூடாதாம். போனா அங்க காடு தோட்டமெல்லாம் பரவிருமாம்.

நீயே சொல்லு. நம்ம பக்கம் முளைக்காட்டி அழுவோம். இவ முளைச்சதுக்கு அழுவறா. அன்னைக்கே எனக்கு மனசுல ஒண்ணு தட்டுச்சு, இது சகுனம் சரியில்லைன்னு.

ஆனாச் செஞ்சோம். சொன்னதெல்லாம் செஞ்சோம். மண்ணுக் களத்துக்குச் சிமெண்டு போட்டோம். சுத்தி வலை கட்டினோம். வேலிப்பக்கம் நான் போட்டிருந்த சோளத்தை, கதிர் வர்ற நேரம், அறுத்து மாட்டுக்குப் போட்டேன். ஆடு உள்ள வரக் கூடாது. செருப்பு உள்ள வரக் கூடாது. களத்துல உக்காந்து ஆரும் சோறு திங்கக் கூடாது. எங்ககிட்டப் பன்னெண்டு பொம்பளைங்க வேலை செய்யறாங்க, அவங்க சீலை முந்தியைக்கூட உதறிப்போட்டுத்தான் உள்ள வரோணும். துளசின்னு ஒருத்தி, "ஏனக்கா, சாமி ரூமுக்குள்ளகூட இத்தனை ஆசாரம் இல்லையே"ன்னா. அஞ்சு மாசம். தட்டத்துல ஏழு முளைச்சது மூணாச்சு, மூணு ஒண்ணாச்சு. வைகாசியில ஒரு நாள் பத்து நாள் தட்டம் சுத்தமா இருந்துச்சு. ஒண்ணுமே இல்லை. பிலோமி என்னையக் கட்டிப் புடிச்சுச் சுத்தினா. நானும் சுத்தினேன். வெறும் தட்டத்தைப் பார்த்துக் கூத்தாடின மொதப் பைத்தியம் நாங்க ரெண்டு பேருந்தான்.

கட்டிக்குப் பேரு என்ன வெக்கறதுன்னு வந்தப்ப, எங்க ஊட்டுக்காரரு குலதெய்வம் பேரைச் சொன்னாரு. பிலோமிதான், "அக்கா பேரை வைங்கண்ணா. களத்துல நிக்கிறது அவங்கதான"ன்னா. என்ற பேரு பூவாத்தா. இஸ்கூலு ரிஜிஸ்டருல ஒருக்கா எழுதினது, ரேசன் கார்டுல ஒருக்கா எழுதினது. இப்ப இங்கிலீசுல, பச்சைக் கலருல, ஒவ்வொரு கவர் மேலயும். ஒரு கவரை நான் பீரோவுல மடிச்சு வெச்சிருக்கறேன், ஆருக்கும் தெரியாது.

கிணத்துக்கடவு வந்திருச்சா? இத்தனை பேரு ஏறுனா இது எப்பப் போயிச் சேர்றது.

போனு அடிக்குது, இரு. ... ஆங், சொல்லுங்க. ... பஸ்ஸுலதான் இருக்கறேன். ... போடறேன், போடறேன். பஸ்ஸு குலுங்குது, எறங்கிப் போடறேன். ... வெச்சுருங்க.

அவருதான். கையெழுத்துப் போட்டாச்சான்னு வெடியாலருந்து இது அஞ்சாவது தடவை. என்ன கையெழுத்துன்னு சொல்றேன் இரு, அதுக்கு மின்னாடி நடந்ததைக் கேளு.

கப்பலுக்குத் தேதி வந்துச்சு. என்னைக்குங்கற? ஆடி அஞ்சு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஆடியில ஆராச்சும் புதுசா ஒரு காரியம் தொடங்குவாங்களா? ஊடு மாத்த மாட்டோம், பொண்ணு பார்க்கப் போக மாட்டோம். பதினஞ்சு வருசம் கழிச்சு மொதக் கண்டெய்னர், என்ற பேருல, அதை ஆடியிலயா அனுப்பறது? ஆவணிக்குத் தள்ளு அம்மிணின்னேன். "கப்பலுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாதுக்கா. அங்க அவங்க நடவு தொடங்கும் முன்னாடி போய்ச் சேரணும்"னா. அவ வேற சாமி கும்பிடறவ, அவகிட்ட ஆடியைப் பத்தி என்னத்தைச் சொல்றது? அவளுக்கு அது புரியாதுன்னு உட்டுப்போட்டேன்.

அதுக்குத்தான் நான் ஒரு சின்னக் காரியம் பண்ணினேன். சின்னதுதான். மஞ்சத் தண்ணியில நனைச்ச துணியில நவதானியம் முடிஞ்சு வெச்சேன். புது மெசின் எறக்குனப்பவும் வெச்சோம், கெணறு வெட்டுனப்பவும் வெச்சோம். மாசம் சரியில்லைன்னா தானியத்தை மின்னால உட்டு நாம பின்னால போறது எங்க வழக்கம். ஒரு கைப்பிடி. இருவத்திநாலு டன்னுல ஒரு கைப்பிடி.

ஏன் அப்படிப் பார்க்கற? நான் என்ன வெசத்தையா வெச்சேன்?

அன்னைக்கு பிலோமி கண்டெய்னருக்குள்ள ஏறி, டார்ச் அடிச்சு, மூலை மூலையாப் பார்த்தா. தரை, செவுரு, கதவு இடுக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுத்தா. கட்டி ஏத்தறப்ப வரிசை வரிசையாப் பார்த்தா. எல்லாம் ஏத்தி முடிச்சு, கதவைச் சாத்தி சீல் வெக்கற நேரத்துல ஊட்டுக்குள்ள போயி மோர் குடிச்சா. அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசத்துல நான் ஏறி, மேல் வரிசைக் கட்டிக்கு நடுவுல முடிச்சைச் சொருகிட்டு எறங்கிப்போட்டேன். அவ வந்தா, கதவு சாத்தியிருந்துச்சு, சீல் வெச்சா, 'எல்லாம் சரி'ன்னு கையெழுத்துப் போட்டா. நான் கேக்கறேன், பொறுப்புல இருக்கறவ அந்த நேரத்துல மோர் குடிப்பாளா? மறுபடி ஒருக்காக் கதவைத் தொறந்து பார்த்திருக்க வேண்டாமா? அது அவ சோலிதானே?

தண்ணி வெச்சிருக்கறயா? குடு, ஒரு வாய்.

ஆவணிக் கடைசியில பிலோமி களத்துக்கு வந்தா. எப்பவும் கேட்டுலயே "அக்கா"ன்னு சத்தம் குடுப்பா, அன்னைக்குக் குடுக்கலை. செருப்பைக் கழட்டி வெச்சுப்போட்டு நேரா வந்து போனை நீட்டினா. அந்த ஊரு துறைமுகத்துல எடுத்த போட்டோ. கதவைத் தொறந்து வெச்சிருக்கறாங்க. என்ற பேரு போட்ட கட்டிக வரிசையா. நடுவுல மஞ்சத்துணி. மாசக்கணக்குல கடல் மேல போனதுல உள்ள வேர்வையாட்டத் தண்ணி கோத்திருக்குது. துணியைப் பொத்துக்கிட்டு வெள்ளை வெள்ளையா, ஒரு வெரக்கடை நீளம் முளை!

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு கண்ணு. இருட்டுக்குள்ள, கடலுக்கு நடுவுல, ஒருத்தரும் தண்ணி ஊத்தாம முளைச்சிருக்குது. இதுக்கு மேல நல்ல சகுனம் உண்டா? என்னைய அறியாம வாயில வந்திருச்சு. "ஆத்தா! ஒம்போதும் முளைச்சிருக்குதே!"

பிலோமி என்ற மூஞ்சியைப் பார்த்தா. அந்தப் போட்டோவுல ஒரு கொத்துத்தான் தெரியுது. எத்தனை வகை தானியம்னு கடவுளே வந்தாலும் எண்ண முடியாது. பொறகு மெல்லக் கேட்டா. "இது யார் வச்சதுன்னு தெரியுமாக்கா?"

"எனக்கென்ன தெரியும். லாரிக்காரன் வெச்சிருப்பான்"னேன்.

"சரிக்கா"ன்னா. அவ்வளவுதான். போனைப் பையில போட்டுக்கிட்டா.

அந்த வெதைக்காக மொத்தத்தையும் அழிக்கோணும், இல்லாட்டித் திருப்பி அனுப்போணும்னுட்டாங்களாம். திருப்பிக் கொண்டாந்தா இன்னம் நட்டம். எரிச்சுப்போட்டாங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. ரெண்டு நாள் நான் சோறு திங்கலை. மூணாம் நாள் ஆனைமலைக்கு, மாசாணியம்மன் கோயிலுக்குப் போனேன். அங்க தெரியுமல்ல, நமக்கு அநியாயம் பண்ணினவங்க பேரைச் சொல்லி மொளகா அரைச்சுப் பூசினா ஆத்தா கேப்பா. அம்மிக்கு மின்னால உக்காந்தேன். பிலோமி பேரைச் சொல்லலாம்னா வாய் வரலை. 'ஆரு பண்ணியிருந்தாலும் நீயே கேளு ஆத்தா'ன்னு பொதுவாச் சொல்லி அரைச்சு வெச்சுட்டு வந்தேன். மூணு நாள் கை ரெண்டும் காந்துச்சு. மொளகா நெம்பக் காரம்போல.

இப்ப அந்தத் திட்டத்து ஆபீசுல விசாரணை. தப்பு யூனிட்டுதுன்னா எங்களை ஒரு வருசம் திட்டத்தை உட்டு வெளிய வெச்சிருவாங்க. மறுபடி அந்த ஏஜெண்டு வாசல்ல போயி நிக்கோணும், மறுபடி அவன் பேருல கட்டி போடோணும். தப்பு அந்த அம்மிணிதுன்னா, எங்களுக்கு இன்னொரு கண்டெய்னர் அனுப்ப வழி பண்ணுவாங்க. ஆஸ்திரேலியாக்காரன் கட்டி நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கறானாம், சுத்தமா வந்தா வாங்கிக்கறேங்கறான். என்ன, அவளுக்குச் சோலி போயிரும். படிச்ச புள்ளை, வேற வேலை கெடைக்காமயா போயிரும்?

எங்க ஊட்டுக்காரரு ஆளை வெச்சு டைப் அடிச்சுக் குடுத்துட்டாரு. இதுதான் கடுதாசி. படிக்கறேன் கேளு. 'மேற்படி ஆலோசகர் கண்டெய்னரின் உட்பகுதியைச் சரிவரச் சோதிக்காமல் கையொப்பமிட்ட காரணத்தால்...' நல்லாத்தான் எழுதியிருக்கறான். கீழ என்ற கையெழுத்துத்தான் பாக்கி. அவருக்கு முடிச்சு சங்கதி தெரியாது. ஆருக்கும் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன், அதுவும் உன்ற பேருகூட எனக்குத் தெரியாது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிருச்சா? அய்யோ, இப்ப மட்டும் பறக்கறான் பாரு.

நேத்துப் பொழுதோட அவளே போன் பண்ணினா. எடுக்க வேண்டாம்னு பார்த்தேன், எடுத்துப்போட்டேன். "நாளைக்குக் கேள்வி கேப்பாங்கக்கா, பயப்படாதீங்க. நான் பார்க்காம விட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்"னா. அப்பறம் சொல்றா, "அடுத்த கண்டெய்னருக்கு உள்ள மட்டும் ஒண்ணும் வைக்காதீங்கக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிச்சை லாரி முன்னால கெட்டச் சொல்லியிருப்பேன்லா. எங்க ஊர்ல போட்டைக் கடல்ல எறக்க முன்ன நாங்களும் பாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சுத்தான் எறக்குவோம். அடுத்தவாட்டி கெட்டுங்க, நான் அங்க இல்லாட்டியும் வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்"னா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? கோவம் கோவமா வருது கண்ணு. இவகிட்ட ஆரு தயவு கேட்டா? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா, 'நீதானே வெச்ச'ன்னு ரெண்டு வார்த்தை திட்டியிருக்கோணும். நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். சரியாப் போயிருக்கும். இப்படிக் கம்முனு பழியை எடுத்து அவ தலையில வெச்சுக்கிட்டா, நான் ராத்திரியில எப்படித் தூங்கறது? குதிரை கீழ தள்ளினதும் இல்லாமக் குழியும் பறிச்சுதாங்கற மாதிரி, அடுத்த தடவை கும்பிட வர்றாளாம். சோலியே இருக்காது இவளுக்கு. பொள்ளாச்சிக்கு எங்க வர்றது?

இரு, ஈச்சனாரி கோயில் வந்திருச்சு. பிள்ளையாரப்பா.

...

பேனா வெச்சிருக்கறயா கண்ணு?

இல்லை, எனக்கில்லை. நீயே வெச்சுக்க. இந்தா கடுதாசி. திருப்பு. பின்பக்கம் வெத்தாத்தானே இருக்குது? என்ற எழுத்து ஆட்டுப் புழுக்கையாட்ட இருக்கும், அவங்களுக்குப் புரியாது. நான் சொல்லச் சொல்ல நீ எழுது. பேக் மேல வெச்சு எழுது, குலுங்காது.

'மேற்படி முடிச்சை வெச்சது பூவாத்தாளாகிய நான்.' எழுதிட்டயா? 'லாரிக்காரன் இல்லை.' அந்த ஆளும் பாவம், அதையும் எழுது. 'ஆடி மாசங்கறதால வெச்சேன். ஆலோசகருக்குத் தெரியாது. ஆலோசகர் எல்லாத்தையும் நல்லாப் பார்த்தாங்க.' பார்த்தாங்கன்னே போடு, மரியாதையா.

போனு அடிக்கட்டும், உடு. அவருதான். ஒரு வருசம் ஏஜெண்டு மூஞ்சியைப் பார்க்கோணும்னு சொன்னா மனுசன் ஆடிப் போயிருவாரு. பொறகு சொல்லிக்கறேன். துளசிக்கும் சொல்லோணும், அந்தப் பன்னெண்டு பேருக்கும் சொல்லோணும். ஒருக்கா வாயைத் தொறந்தாச்சு, இனி என்ன.

'ஒம்போதும் முளைச்சுது'ன்னு ஒரு வரி எழுது. வேண்டாம், அடிச்சுப்போடு. அவங்களுக்கு அது பெயிலுதான். அடிச்சுட்டயா? சுந்தராபுரம் போயிருச்சா, சீக்கிரம் எழுது கண்ணு, ஆத்துப்பாலம் வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க.

இன்னம் ஒண்ணே ஒண்ணு. மோர். அவ வேண்டாம்னுதான் சொன்னா. "சீல் வெச்சுட்டு வந்து குடிக்கிறேன்க்கா"ன்னுதான் சொன்னா. நாந்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, ஊட்டுக்குள்ள உக்கார வெச்சு, டம்ளரைக் கையில குடுத்துட்டு வந்தேன். உனக்குக்கூட அதைச் சொல்லாம மறைச்சுப்போட்டேன் பாரு.

அதை எழுது. நல்லாப் பெருசா எழுது. எழுதிட்டயா? குடு, இப்பக் கையெழுத்துப் போடறேன்.